சங்கத்துக்கு சாரிட்டி கமிஷனர் நோட்டீஸ் வந்தால்: மும்பையில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று மும்பையில் தமிழர்கள் இருக்கும் பக்கமெல்லாம் ஒரு மன்றமோ, கோயில் கமிட்டியோ, கல்வி அறக்கட்டளையோ இருக்கும். அதில் புதிதாகச் செயலாளர், பொருளாளர் ஆனவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் சங்கத்துக்கு, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் மாநில அதிகாரியான சாரிட்டி கமிஷனரிடமிருந்து, பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41-பி பிரிவில் விசாரணை நோட்டீஸ் வந்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "கண்டுக்காதீங்க, தானா அடங்கிடும்" என்றார் ஒருவர். "ஜெயிலுதான்" என்றார் இன்னொருவர். இரண்டுமே தப்பு. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும். வக்கீலிடம் போகும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

மகாராஷ்டிராவில் 1950-ஆம் வருஷத்துப் பொது அறக்கட்டளைச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. "நாங்க டிரஸ்ட் இல்ல சார், சொசைட்டி" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1860 சொசைட்டி சட்டத்தில் பதிவான சங்கமும் இங்கே பொது அறக்கட்டளையாகவும் பதிவாகியிருக்கும். உங்கள் பதிவு எண் 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கினால் அதுதான் விஷயம்.

1. யார் அனுப்பினார்கள், எந்தப் பிரிவு என்று பாருங்கள்

உறையைப் பிரித்ததும் வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். தேதி, பிரிவு எண், பதில் கேட்கும் கெடு ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தபாலில் வந்திருந்தால் உறையையும் பத்திரமாக வையுங்கள். கெடு முடிந்து கையில் கிடைத்த நோட்டீஸுக்கு அந்த முத்திரைத் தேதிதான் சாட்சி.

பிரிவு எண்ணை வைத்தே விஷயம் எவ்வளவு பெரிது என்று கணிக்கலாம்.

37 என்றால் பார்வையிடலும் மேற்பார்வையும். கமிஷனரோ, துணை அல்லது உதவி கமிஷனரோ, இன்ஸ்பெக்டரோ உங்கள் இடத்துக்கு வரலாம். கணக்கு, மினிட்ஸ் நகல், அறிக்கை என்று எதையும் கேட்கலாம். 38 என்றால் ஆடிட்டர் அறிக்கையிலோ இன்ஸ்பெக்டர் அறிக்கையிலோ எழுதப்பட்ட குறைக்கு விளக்கம் கேட்கிறார்கள். 41-பி என்றால் முறையான விசாரணை. சங்கத்தில் அக்கறை உள்ள ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்தாலும் தொடங்கும், கமிஷனர் தாமாகவும் தொடங்கலாம். 41-டி என்றால் விவகாரம் முற்றிவிட்டது: அறங்காவலரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது, நீக்குவது வரை போகும். இது வந்தால் அன்றே வக்கீலைப் பாருங்கள்.

வருமான வரித் துறை என்று சொல்லிக்கொண்டு கடிதம் வந்தால் அதில் டின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் முதல் அந்தத் துறையின் கடிதங்களில் கணினி தரும் இந்த ஆவண எண் இருக்க வேண்டும். அவர்களுடைய இ-ஃபைலிங் தளத்தில் லாகின் இல்லாமலே அதைச் சரிபார்க்கலாம். நோட்டீஸ் வந்த செய்தி கசிந்ததும் "மேல ஆள் இருக்கு, பேசி முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது வருவார்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார். டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். நீங்கள் டீயும் கொடுக்க வேண்டியதில்லை.

2. ஷெட்யூல் ஒன் நகல் எடுங்கள்

பதில் எழுத உட்காரும் முன் இதைச் செய்யுங்கள். முக்கால்வாசிச் சங்கங்கள் சறுக்கும் இடம் இதுதான்.

வொர்லியில் டாக்டர் அன்னி பெசன்ட் சாலையில் இருக்கிறது தர்மாதாய ஆயுக்த் பவன், அதாவது சாரிட்டி கமிஷனர் அலுவலகம். அங்கே உங்கள் பதிவு எண்ணைக் கொடுத்து ஷெட்யூல் ஒன், அதாவது சங்கத்தின் அறங்காவலர் பெயர்களும் சொத்தும் பதிவாகியிருக்கும் பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேளுங்கள். கட்டணம் சொற்பம்தான், நேரம்தான் பிடிக்கும். பழைய சங்கமாக இருந்தால் பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாளாகும். கெடு நெருங்கிய பிறகு போனால் கிடைக்காது. அதற்கு முன் துறையின் இணையதளத்தில் உங்கள் சங்கத்தைத் தேடிப் பாருங்கள்.

நகல் கைக்கு வந்ததும் அறங்காவலர் பெயர்களைப் படியுங்கள். அமரராகி, வருஷா வருஷம் உங்கள் மேடையிலேயே படம் வைத்து மாலை போடப்படும் ஸ்தாபகர் அதில் இன்னும் தலைவராக இருப்பார். ஊரோடு திருநெல்வேலி போய்விட்டவர் பொருளாளராக இருப்பார். இப்போது கையெழுத்துப் போடும் உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது.

காரணம், ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் கொடுக்க வேண்டிய சேஞ்ச் ரிப்போர்ட்டை யாரும் கொடுக்கவில்லை. 22-ஆம் பிரிவின்படி எந்த மாற்றம் நடந்தாலும் 90 நாளுக்குள் மூன்றாம் ஷெட்யூல் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அது ஏற்கப்படும் வரை புதிய கமிட்டி எந்த வேலையும் செய்யக்கூடாது என்று அர்த்தமில்லை. ஆனால் விசாரணையில் "நீங்கள் யார், எந்த அதிகாரத்தில் பதில் சொல்கிறீர்கள்" என்று புகார்தாரர் தரப்பு முதலில் கேட்பது இதைத்தான். வங்கியும் இதைத்தான் கேட்கும்.

சேஞ்ச் ரிப்போர்ட்டுக்கு வேண்டிய பேப்பர்கள்:

- பொதுக்குழு அறிவிப்பு, அது உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம்
- வருகைப் பதிவேடு, கையெழுத்துகளோடு
- தேர்தல் நடந்த கூட்டத்தின் மினிட்ஸ்
- புதிதாக வருபவர்களின் சம்மதக் கடிதம், அடையாள அட்டை, முகவரிச் சான்று
- போகிறவர்களின் ராஜினாமா. இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ்
- 90 நாள் தாண்டியிருந்தால் தாமதத்தைப் பொறுக்கக் கோரும் தனி மனு, காரணத்தோடு

இதில் அடி வாங்குவது முதல் வரியின் இரண்டாவது பாதி: "அறிவிப்பு போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம்." நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், கோயில் வாசலில் சொன்னோம் என்பதெல்லாம் எதிராளி ஆட்சேபித்தால் நிற்காது. உங்கள் விதிமுறைப் புத்தகத்தில் எப்படி அனுப்ப வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அப்படியே அனுப்பி, தபால் ரசீதை மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். விதிமுறைப் புத்தகமே தொலைந்து போயிருந்தால் அதற்கும் வொர்லியில் நகல் கேட்கலாம்.

பல வருஷம் விட்டுப் போயிருந்தால் கடைசித் தேர்தலுக்கு மட்டும் ரிப்போர்ட் கொடுத்து மேலே தாவ முடியாது. இடையில் விட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் 30 நாள் ஆட்சேப நோட்டீஸோடு சீக்கிரம் நகரும். ஒருவர் எதிர்த்தாலும் அது தனி வழக்காகி இழுக்கும்.

3. கணக்கை அவர்கள் பார்க்கும் கண்ணோடு பாருங்கள்

மார்ச் 31-இல் கணக்கு முடித்தால் ஆறு மாதத்துக்குள் தணிக்கை முடிய வேண்டும். தணிக்கை அறிக்கை சாரிட்டி கமிஷனருக்கும் போக வேண்டும். வருமான வரிக்கு சி.ஏ. கொடுத்துவிட்டார் என்றால் இங்கேயும் கொடுத்தாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு படிவம், வேறு இணையதளம். எங்களுக்கு முன்பு கணக்குப் பார்த்தவர் வரித் துறையோடு நிறுத்திக்கொண்டார். நோட்டீஸ் வந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது.

உங்கள் தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் படித்திருக்கிறீர்களா? இருப்புநிலைக் குறிப்பைச் சொல்லவில்லை. 19-ஆம் விதிப்படி ஆடிட்டர் கேள்வி-பதிலாக எழுதும் பகுதியைச் சொல்கிறேன். ரொக்க இருப்பும் வவுச்சர்களும் தணிக்கையன்று கையில் இருந்தனவா? 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பழுதுபார்ப்பு, கட்டட வேலைக்கு டெண்டர் கேட்டீர்களா? 36-ஆம் பிரிவுக்கு மாறாகச் சொத்தைக் கைமாற்றினீர்களா? பொதுக்குழுவில் நாம் கைதட்டி நிறைவேற்றுகிற அந்த அறிக்கையிலேயே நமக்கு எதிரான சாட்சியம் அச்சாகியிருக்கும். 38-ஆம் பிரிவு நோட்டீஸ் பெரும்பாலும் இந்த வரிகளிலிருந்துதான் பிறக்கிறது.

நம்மவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்ளும் சில காரியங்கள் உண்டு.

பொங்கல் விழாவுக்குப் பணம் போதவில்லை, தலைவர் கைக்காசைப் போட்டு "பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். கணக்கில் அது கடனாக ஏறுகிறது. கமிஷனரின் முன் அனுமதி இல்லாமல் அறக்கட்டளைக்காகக் கடன் வாங்கக் கூடாது என்கிறது 36-ஏ. பணம் போட்டவர் தியாகி என்றாலும் கணக்குப் புத்தகத்தில் அது மீறல்தான். நன்கொடையாக ரசீது போட்டுவிடுங்கள், அல்லது விழாவைச் சின்னதாக நடத்துங்கள்.

சங்கத்தின் ஹாலை ஒரு கேட்டரிங்காரருக்கு ஐந்து வருஷக் குத்தகைக்கு விடுகிறீர்கள். கட்டடத்தை மூன்று வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும், சொத்தை விற்கவும் முன் அனுமதி வேண்டும்.

ரசீதுப் புத்தகம். நூறு புத்தகம் அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்துவிட்டு, எழுபதுதான் திரும்பி வந்தது என்றால் மீதி முப்பதில் என்ன வசூலானது என்று பதில் சொல்ல வேண்டியது பொருளாளர். எந்தப் புத்தகம் யாரிடம் போனது, எப்போது திரும்பியது, எழுதாத தாள்கள் எத்தனை என்று ஒரு நோட்டுப் போடுங்கள். அடிக்கட்டையில் 'அன்பர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெயர் தெரியாத நன்கொடை. முழுக்கச் சமய அமைப்பாகவோ, சமயமும் தர்ம காரியமும் சேர்ந்த அமைப்பாகவோ இல்லாவிட்டால், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் போகும் பெயரில்லா நன்கொடைக்கு 30 சதவீத வரி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது என்பதையும் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சண்டை வராது.

மினிட்ஸ் புத்தகம். விடுபட்ட மூன்று வருஷக் கூட்டங்களை ஒரே ராத்திரியில் எழுதி நிரப்பும் யோசனையை யாராவது சொல்வார்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மூன்று வருஷமாக மாறாத அதே சாய்வு. தினமும் இதையே பார்க்கிறவர்களுக்குப் புரட்டியதுமே தெரிந்துவிடும். எழுதவில்லை என்பது அலட்சியம். எழுதிச் சேர்த்தால் அது போலி ஆவணம், கிரிமினல் விவகாரம். விட்டது விட்டதாகவே இருக்கட்டும். இருக்கும் சுற்றறிக்கை, போட்டோ, வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு நடந்ததை நிரூபியுங்கள்.

4. பதில் எழுதுவது

ஆங்கிலத்திலோ மராத்தியிலோ எழுதுங்கள். தமிழ் ஆவணங்களை இணைத்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். சங்கத்து மினிட்ஸ் எல்லாம் தமிழில் இருந்தால் இதற்கே ஒரு தொகை ஒதுக்குங்கள். எங்களுக்கு வக்கீல் செலவுக்கு அடுத்தபடி ஆனது மொழிபெயர்ப்பும் ஜெராக்ஸும்தான்.

புகாரின் நகல் நோட்டீஸோடு வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் பொத்தாம் பொதுவாகப் பதில் கொடுக்கக் கூடாது. புகாரில் பத்தி பத்தியாக எண் போட்டிருந்தால் நீங்களும் அதே எண் வரிசையில் பதில் சொல்லுங்கள். புகார்தாரர் எப்பேர்ப்பட்டவர், போன தேர்தலில் எத்தனை ஓட்டில் தோற்றார் என்பதெல்லாம் வேண்டாம். எழுதக் கை பரபரக்கும். அதிகாரிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இணைப்புகளுக்கு வரிசை எண், பக்க எண், முன்னால் ஒரு பட்டியல். பிரமாணப் பத்திரம் கேட்டிருந்தால் நோட்டரியிடம் போங்கள்.

அசலை எங்கேயும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டுங்கள். அசலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதிகாரி சொன்னால் எத்தனை புத்தகம், எத்தனை பக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கெடுவுக்குள் முடியாது என்றால் கெடு முடிவதற்கு முன்பே அவகாசம் கேட்டு மனுக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் ஆவக்-ஜாவக் (தபால் வரவு, அனுப்புகை) மேஜையில் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

5. இன்ஸ்பெக்டர் வரும் நாள்

37-ஆம் பிரிவில் நுழைவதற்கு முன் நியாயமான அறிவிப்புத் தர வேண்டும், கோயில் என்றால் வழிபாட்டு முறையை மதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உச்சிகால பூஜை நேரம் என்றால் அதை முன்கூட்டி எழுதித் தெரிவிக்கலாம். ஆனால் அதைச் சாக்காக வைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது.

ஒருவர் மட்டும் பேசுங்கள். பழைய கமிட்டிக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு கதை சொன்னால் நாலும் அறிக்கையில் ஏறும். அசையும், அசையாச் சொத்துப் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், வவுச்சர் கோப்பு எல்லாம் ஒரே மேஜையில் இருக்கட்டும். ரொக்கத்தை எண்ணிப் பார்ப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத கேள்விக்கு "பார்த்து எழுத்தில் தருகிறேன்" என்று சொல்லலாம்.

6. தாரீக் (விசாரணைத் தேதி), செலவு

விசாரணை அதிகாரிக்கு 73-ஆம் பிரிவின்படி சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு. சம்மன் அனுப்பலாம், சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்கலாம், ஆவணத்தைக் கொண்டு வரச் சொல்லலாம். அதனால் "ஆபீஸ்தானே" என்று போகாமல் இருக்கக் கூடாது. பேச்சு பெரும்பாலும் மராத்தியில் நடக்கும். மராத்தி தெரிந்த ஒரு கமிட்டி உறுப்பினரை ஒவ்வொரு தாரீக்குக்கும் கூட்டிப் போங்கள். அன்றைக்கு ரோஜ்நாமாவில் (அன்றாட விசாரணைக் குறிப்பில்) என்ன எழுதினார்கள், அடுத்த தேதி எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வக்கீல்களில் ஒரு தாரீக்குக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள் உண்டு, மொத்தமாகப் பேசுபவர்களும் உண்டு. தாரீக் தள்ளிப் போவது சகஜம் என்பதால் மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள். சிவில் வக்கீல் என்பது மட்டும் போதாது. வொர்லியில் தினமும் நிற்கிறவராகப் பாருங்கள். சங்கத்துக்கு எதிரான புகாருக்குச் சங்கப் பணத்தில் செலவழிக்க முதலில் செயற்குழுத் தீர்மானம் போடுங்கள். உங்கள் மேல் தனிப்பட்ட முறையில் பணக் கையாடல் புகார் என்றால் கைக்காசில் வக்கீல் வையுங்கள். இல்லாவிட்டால் அதுவே அடுத்த புகாராகிவிடும்.

7. வெளிநாட்டுப் பணமும் வருமான வரியும்

சாரிட்டி கமிஷனர் விசாரணை ஓடும்போது அதே புகாரின் நகல் வரித் துறைக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் போயிருக்கலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகன் இந்திய பாஸ்போர்ட்காரராக இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் ஐயாயிரம் ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருப்பது இதில் உதவாது. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் பணம் முதலில் வந்து விழ வேண்டியது ஸ்டேட் பாங்கின் புது தில்லி முதன்மைக் கிளைக் கணக்கில். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கோடுக்கு யார் அனுப்புகிறார்கள் என்று மாதம் ஒரு முறையாவது பாருங்கள். பதிவு உள்ளவர்கள் பணம் வராத வருஷத்துக்கும் டிசம்பர் 31-க்குள் கணக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீறல் விசாரணையின்போது பதிவை 180 நாள் நிறுத்தி வைக்கலாம், அதை மேலும் 180 நாள் நீட்டிக்கலாம். அந்த நாட்களில் பணம் முடங்கும்.

வருமான வரியில் 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டத்தின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. 12-ஏ (அறக்கட்டளையின் வரிவிலக்குப் பதிவு), 80-ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) என்று பழகிய எண்கள் அதில் மாறுகின்றன. எந்த வருஷத்துக்கு எந்தச் சட்டம் என்று சி.ஏ.விடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் போடுங்கள்.

8. உத்தரவு வந்த பிறகு

இன்னின்னதைச் சரிசெய் என்று 41-ஏ பிரிவில் கட்டளை வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்து, சொன்ன தேதிக்குள் செய்து, செய்ததற்கு அறிக்கையும் கொடுங்கள். அலட்சியத்தாலோ நம்பிக்கை மோசடியாலோ நஷ்டம் வந்தது என்று முடிவானால், 40, 41-ஆம் பிரிவுகளின்படி அந்தத் தொகையை அறங்காவலர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டி வரும். 41-டி-யில் நீக்குவதற்குப் பணம் திருடியிருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கும் அறிக்கையும் தொடர்ந்து கொடுக்காமல் விட்டதே ஒரு காரணம். ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, உங்கள் பதிலைக் கேட்காமல் நீக்க முடியாது.

உதவி அல்லது துணை கமிஷனர் போட்ட உத்தரவு என்றால் பெரும்பாலும் 70-ஆம் பிரிவில் கமிஷனரிடமே மேல்முறையீடு, கெடு 60 நாள். கமிஷனர் போட்ட உத்தரவு என்றால் எந்தக் கோர்ட், எத்தனை நாள் என்பது பிரிவைப் பொறுத்தது. அன்றே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் உத்தரவு படிக்கப்பட்ட அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பித்த தேதியும் நகல் தயாரான தேதியும் நகலின் பின்பக்கம் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். கெடுவைக் கணக்கிடும்போது வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.